லிஃப்ட் கிட் அப்புறம், முதல்ல சுத்தியலை எடுங்க!

மக்களே, இந்தப் பதிவைப் போட்டா எனக்கு நாலு நண்பர்கள் குறையலாம். ஒருத்தர் ஏற்கனவே குறைஞ்சாச்சு, அந்தக் கதை கீழே வருது. ஆனாலும் ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கிற விஷயம். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, வெளியில பனி, தங்கமணி தூங்கறாங்க. திட்டித் தீர்த்துடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் இருக்கிறது கொலராடோவில். இங்க நம்மாளுங்க நடுவுல ஒரு காய்ச்சல் பரவிக்கிட்டிருக்கு. பதினஞ்சு இருபது வருஷம் ஓடின ஒரு பிக்கப்பை (பின்னாடி திறந்த தொட்டி இருக்கிற வண்டி, நம்ம ஊர் பொலேரோ பிக்கப்போட அமெரிக்க ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கோங்க) வாங்க வேண்டியது. வாங்கின மறுவாரமே அதை மூணு இஞ்ச் உசத்த வேண்டியது. நெத்தியில ஒரு முழ நீளத்துக்கு எல்.இ.டி. லைட், முன்னாடி இரும்பு பம்பர், கூரையில கூடாரம், பக்கவாட்டுல ஒரு மண்வெட்டி. அந்த மண்வெட்டியில இன்னும் விலைச்சீட்டு தொங்கும். கேட்டா "இது என் பில்ட் பாஸ்"ங்கறாங்க. காட்டுக்கும் மலைக்கும் போய்த் தங்கற சாகசத்துக்கு வண்டி ரெடியாம்.

ரெடியா? அந்த வண்டிக்குக் கீழ படுத்துப் பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். பழைய பிக்கப் வாங்கினா முதல் வருஷம் ரிப்பேர் மட்டும் பண்ணுங்க. ரெண்டாவது வருஷம் கம்பெனி குடுத்த உயரத்திலேயே நல்லா ஓட்டுங்க. அதுக்கப்புறம் வண்டி எதைக் கேக்குதோ அதை மட்டும் மாத்துங்க. சுவர் இருந்தாத்தான் சித்திரம்னு நம்ம பாட்டி சொன்னது ரங்கோலிக்கு மட்டும் இல்ல, ரேடியேட்டருக்கும் சேத்துத்தான்.

"நீ யாருய்யா இதைச் சொல்ல?" நியாயமான கேள்வி. தொழில்ல நான் மெக்கானிக் கிடையாது, பொழைக்கிறது மென்பொருள்ல. வண்டி 2003 மாடல் டொயோட்டா டகோமா, நாலு கதவு, 3.4 லிட்டர் வி6 என்ஜின். வாங்கும்போது 1,87,000 மைல் ஓடியிருந்தது, அதாவது மூணு லட்சம் கிலோமீட்டர். விலை 8,500 டாலர். மூணு வருஷமா சனி ஞாயிறுகள்ல இதுக்குக் கீழதான் குடித்தனம். அந்த அனுபவத்துல பேசறேன்.

முதல்ல எலும்பு

பிக்கப்புக்கு உயிர்நாடி சேஸிஸ். காரை மாதிரி உடம்பும் எலும்பும் ஒண்ணா வார்த்த வண்டி இல்ல இது. ரெண்டு நீளமான இரும்புச் சட்டத்து மேல மத்ததெல்லாம் உக்காந்திருக்கு. அமெரிக்காவுல பனி பெய்யற மாநிலங்கள்ல ரோட்டுல உப்பு கொட்டறாங்க. அந்த உப்புத்தண்ணி சட்டத்துக்கு உள்பக்கமா புகுந்து உக்காந்துக்கும். வெளியில கறுப்புப் பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ள இரும்பு அப்பளமா ஆகியிருக்கும்.

இது நான் பூச்சி காட்டறதுக்காகச் சொல்றதில்ல. 2008-ல் டொயோட்டாவே 1995 முதல் 2000 வரைக்குமான டகோமாக்களுக்கு சேஸிஸ் துருவுக்கு 15 வருஷ வாரன்ட்டி குடுத்தாங்க. ரொம்பக் கெட்டுப்போன வண்டிகளை சந்தை மதிப்புல ஒன்றரை மடங்கு குடுத்துத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் 2005 முதல் 2010 வரைக்குமான டகோமாக்களும் இன்னும் ரெண்டு மாடல்களும் சேர்ந்த வழக்கு. 2016-ல் 340 கோடி டாலர் வரைக்கும் ஆகலாம்ங்கற கணக்குல சமரசம் ஆச்சு. நம்பகத்துக்குப் பேர்போன வண்டிக்கே இந்த நிலைமை. மத்த கம்பெனி வண்டிகளை உப்பு தள்ளுபடி பண்ணிடுமா என்ன?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சுத்தியல் போதும். சட்டத்தோட நீளத்துக்கும் கிட்டக்கிட்ட தட்டிக்கிட்டே போங்க. நல்ல இரும்பு 'டங்'குனு மணி அடிக்கும். கெட்ட இடம் 'தொப்'புனு சொல்லும், சில சமயம் செதில் உதிரும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (லாரிக்காரங்க சொல்ற பட்டை) மாட்டியிருக்கிற இடத்தையும், முன்பக்கக் கைகள் வந்து சேர்ற இடத்தையும் ரெண்டு தடவை தட்டுங்க. வாங்கறதுக்கு முன்னாடியே தட்டிட்டா இன்னும் நல்லது. விக்கறவர் முகம் போற போக்கை வெச்சே பாதி விஷயம் தெரிஞ்சுடும் :-)

முன்சக்கரம் கழண்டு படுத்தா?

அடுத்தது கீழ் பால் ஜாயின்ட். முன்சக்கரத்தையும் சஸ்பென்ஷன் கையையும் இணைக்கிற மூட்டு. நம்ம தோள்மூட்டு மாதிரி ஒரு கிண்ணத்துக்குள்ள ஒரு உருண்டை. பல வண்டிகள்ல எடை இந்த உருண்டையைக் கிண்ணத்துக்குள்ள அமுக்கும். 2004 வரைக்கும் வந்த முதல் தலைமுறை டகோமாவுல எடை அதைக் கிண்ணத்தை விட்டு வெளியே இழுக்கும். அதனால தேஞ்சுபோச்சுன்னா சத்தம் குடுக்கறதோட நிக்காது. ஒரு நாள் உருண்டை கழண்டு, சக்கரம் வெளிப்பக்கமா மடிஞ்சு படுத்துடும். பார்க்கிங்ல நடந்தா டோ வண்டிச் செலவு. எழுபது மைல் வேகத்துல நடந்தா?

2001 முதல் 2004 வரைக்குமான டகோமாக்களை இதே கீழ் ஜாயின்ட்டுக்காக 2005-ல் ரீகால் பண்ணாங்க. ரீகால்ல மாத்தியிருந்தாலும் அதுவே இருபது வருஷப் பழைய பொருள் ஆச்சு, தேயத்தான் செய்யும். ரெண்டு பக்கத்துக்கும் சேத்து கம்பெனி ஜாயின்ட் வாங்கினா ஏறக்குறைய 200 டாலர். புது போல்ட்டோட மாட்டணும். ஒரு சனிக்கிழமை வேலை. இதை விட்டுட்டு அதே மூட்டுல கனமான பெரிய டயரையும் லிஃப்டையும் ஏத்தறது, மூட்டுவலிக்காரர் தலையில அரிசி மூட்டை வெக்கிற மாதிரி.

பிங்க் பால்

இந்தத் தலைமுறை டொயோட்டா ஆட்டோமேட்டிக் வண்டிக்காரங்களுக்கு ஒரு கெட்ட கனவு உண்டு. கியர்பாக்ஸ் ஆயில் சூடு ஆறறதுக்கு ரேடியேட்டரோட தொட்டிக்குள்ள ஒரு குழாய் வழியாப் போயிட்டு வரும். ரேடியேட்டர் வயசாகி உள்ளுக்குள்ள கசிஞ்சா, கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி ஆயிடும். அந்த ரோஸ்மில்க் கியர்பாக்ஸுக்குள்ள சுத்தினா கியர்பாக்ஸ் காலி. புது ரேடியேட்டர் 200 டாலர். கியர்பாக்ஸ் ஆயிரக்கணக்குல. முடிவு உங்க கையில.

டைமிங் பெல்ட்டும் இதே மாதிரிதான். 90,000 மைலுக்கு ஒரு தடவை மாத்தணும்னு கம்பெனியே சொல்லுது. வாட்டர் பம்ப்பை ஓட்டறதும் அதே பெல்ட்தான்கறதால ரெண்டையும் சேத்தே மாத்திடறது புத்திசாலித்தனம். பழைய ஓனர் "மாத்தியாச்சுன்னு நினைக்கிறேன்"னு சொன்னா, மாத்தலைன்னு எடுத்துக்கோங்க. ரசீது இருந்தா மட்டும் நம்புங்க.

பிரேக்: இதுல விளையாட்டு வேணாம்

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் கொதிக்கிறது குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ்ல. ஈரம் சேர்ந்த பழைய ஆயிலுக்குத் தரக்கணக்கு வெறும் 140 டிகிரி. சமவெளியில இந்த வித்தியாசம் தெரியாது. பைக்ஸ் பீக் மாதிரி 14,115 அடி மலையிலேர்ந்து இறங்கும்போது தெரியும். ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா பெடலை மிதிக்க மிதிக்க உள்ள போகும், வண்டி மட்டும் நிக்காது. அந்த மலையில பாதி இறக்கத்துல கிளென் கோவ்ங்கற இடத்துல வண்டிகளை நிறுத்தி பிரேக் சூட்டை அளந்து பாக்கறாங்க, ரொம்ப சூடா இருந்தா ஆற வெச்சுத்தான் விடுவாங்க. பொழுதுபோகாம பண்ற வேலை இல்ல அது.

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். டென்வர் பக்கம் வண்டிக்குப் புகைப் பரிசோதனை உண்டு. ஆனா சேஸிஸையும் பிரேக்கையும் வருஷா வருஷம் பாத்து சர்ட்டிபிகேட் குடுக்கிற பாதுகாப்புப் பரிசோதனை கொலராடோவில் கிடையாது. அதாவது உங்க வண்டிக்குக் கீழ என்ன இருக்குன்னு பாக்க உங்களைத் தவிர நாதி இல்ல.

லிஃப்ட் போட்டா என்ன ஆகுதுன்னு யாராவது சொன்னாங்களா?

என் வண்டியில முன்பக்கம் கடக் கடக்குனு ஒரு சத்தம். ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன் (பேர் வேண்டாம்). கவுன்ட்டர்ல இருந்தவர் வண்டிக்குக் கீழ குனிஞ்சுகூடப் பாக்கல. "லிஃப்ட் கிட் போட்டுடுங்க, எல்லாம் புதுசாயிடும்"னார். காய்ச்சல்னு போனவனுக்குக் கோட்டு சூட்டு தைக்கலாமான்னு கேட்ட கதை! வீட்டுக்கு வந்து படுத்துப் பாத்தேன். ஸ்வே பார் இணைப்பு ஒண்ணு தேஞ்சிருந்தது. முப்பது டாலர். சத்தம் போச்சு.

லிஃப்ட் விக்கறவங்க சொல்லாம விடற மூணு விஷயம் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

ஒண்ணு. முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோற சி.வி. ஆக்ஸில் கம்பெனியில ஏறக்குறைய நேரா இருக்கும்படி வெச்சிருக்காங்க. வண்டியை உசத்தினா அது சரிவா இறங்கும். கோணம் கூடக்கூட ரப்பர் உறை சீக்கிரம் கிழியும், கிரீஸ் வெளிய, மண்ணு உள்ள.

ரெண்டு. இதுதான் ரொம்பப் பேருக்குத் தெரியாதது. இந்த வயசு டொயோட்டா பிக்கப் பலதுல பின் ஆக்ஸிலுக்கு மேல ஒரு வால்வு இருக்கு. தொட்டியில பாரம் ஏறினா பின்பக்கம் தாழும். அதை வெச்சு, பாரம் இருக்கு, பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடக் குடுன்னு அந்த வால்வு முடிவு பண்ணும். நீங்க பின்பக்கத்தை உசத்திட்டு வால்வை அப்படியே விட்டுட்டா அது என்ன நினைக்கும்? தொட்டி காலின்னு நினைக்கும். நீங்க கூடாரம், தண்ணி, ஃபிரிட்ஜ், அடுப்புன்னு முழுப் பாரத்தோட இறக்கத்துல பிரேக் போடும்போது பின் பிரேக்குக்கு அழுத்தம் குறைச்சலாத்தான் போகும். எந்தப் 'பில்ட்' போட்டோவுலயாவது இந்த வால்வைப் பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல.

மூணு. பெரிய டயர். என் வண்டிக்குக் கம்பெனி டயர் 265/70 ஆர் 16, விட்டம் 30.6 இஞ்ச். பசங்க ஆசைப்படறது 285/75 ஆர் 16, விட்டம் 32.8 இஞ்ச். ஏழு சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 60-ன்னு காட்டும்போது நிஜத்துல 64 ஓடிக்கிட்டிருப்பீங்க. கியர் விகிதமும் அதே ஏழு சதவீதம் நீர்த்துப்போகும், மலையேத்தத்துல இழுவை குறையும். டயர் கனமானா பிரேக்குக்கும் வேலை கூடும். எந்த மலைக்காக டயரை மாத்தினீங்களோ அந்த மலையிலேயே வண்டி திணறும்.

இதுக்கு மேல எடைக் கணக்கு வேற. கதவுப்பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல வண்டி, ஆளு, சாமான் எல்லாம் சேத்து அதிகபட்ச எடை எவ்வளவுன்னு போட்டிருக்கும். வெறும் வண்டி எடையைக் கழிச்சா இந்தச் சின்ன பிக்கப்புகளுக்கு மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு, ஐநூறு கிலோன்னு வெச்சுக்கோங்க. நாலு பேர் ஏறினா அதுல பாதி போச்சு. இரும்பு பம்பரும் வின்ச்சும் எண்பது கிலோவுக்குக் குறையாது. கூரைக் கூடாரம் அறுபது எழுபது கிலோ, அதுவும் தலைமேல. அஞ்சு கேலன் தண்ணி 19 கிலோ. கூட்டிப் பாருங்க. இன்னும் சமையல் சாமானே ஏத்தல. டிரக் ஸ்டாப்ல எடைமேடை இருக்கு, சில டாலர்தான். முழுச் சாமானோட ஒருதடவை ஏத்திப் பாருங்க.

குறைஞ்சுபோன அந்த ஒருத்தர்

இப்ப அந்தக் கதை. நம்மாளு, சாஃப்ட்வேர், ரெண்டு குழந்தைங்க. பேரும் சொல்லப் போறதில்ல, வண்டி என்ன கம்பெனின்னும் சொல்லப் போறதில்ல. கிழக்கே உப்பு கொட்டற மாநிலத்திலேர்ந்து போட்டோவை மட்டும் பாத்து ஒரு பழைய பிக்கப் வரவழைச்சார். வந்த வேகத்துல ஒரு கடையில விட்டு நாலாயிரம் டாலருக்கு லிஃப்டும் டயரும் போட்டார். லைட், கூடாரம் எல்லாம் தனி. பூங்காவுல நம்ம தமிழ் மக்கள் கூடின ஒரு பிக்னிக்குக்கு அதை ஓட்டிட்டு வந்தப்ப சுத்தி நின்னு எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நிஜமாவே அழகாத்தான் இருந்தது.

நான் சும்மா இருக்கமாட்டாம கீழ படுத்தேன். பின்பக்க ஸ்பிரிங் மாட்டற இடத்துக்குப் பக்கத்துல தட்டினா 'தொப்'. ஸ்குரூ டிரைவரை வெச்சு அழுத்தினேன். உள்ள போயிடுச்சு. அடிக்கல, குத்தல, கைவிரல் பலத்துக்கே உள்ள போயிடுச்சு.

"பாஸ், இதுல குழந்தைங்களை ஏத்தாதீங்க"ன்னேன்.

"அதெல்லாம் சும்மா மேல் துரு பாஸ். கடைக்காரனே ஒண்ணும் சொல்லலையே"ன்னார்.

அதுதாங்க எனக்குக் கோபமே. அந்த ஓட்டைக்கு ஒரு அடி தள்ளிப் புது ஸ்பிரிங்கை முறுக்கி மாட்டின ஆளுக்கு அந்தச் சட்டம் கண்ணுல பட்டிருக்காதா? பட்டிருக்கும். சொன்னா நாலாயிரம் டாலர் வேலை போயிடும். அதனால இத்துப்போன எலும்புல புது மூட்டை மாட்டி, பில்லைக் குடுத்து, கைகுலுக்கி அனுப்பிட்டான்.

ரெண்டு மாசம் கழிச்சு நம்மாளுக்கே பயம் வந்து, வேற ஒரு மெக்கானிக்கிட்ட காட்டியிருக்கார். அவரும் அதையே சொன்னார். சேஸிஸை மாத்தவோ, வெட்டி எடுத்துப் பத்தவைக்கவோ ஆகற செலவு வண்டி விலையை நெருங்குதுன்னு தெரிஞ்சதும் இவர் என்ன பண்ணினார் தெரியுமா? விளம்பரம் போட்டார். "முழுசா பில்ட் பண்ணின வண்டி, சாகசத்துக்குத் தயார், 13,500 டாலர்." லைட், கூடாரம், லிஃப்ட் எல்லாத்துக்கும் போட்டோ. கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் போட்டோ இல்ல.

"அந்த ஓட்டையையும் ஒரு படம் எடுத்துப் போடுங்க"ன்னு சொன்னேன். "வாங்கறவன் பாத்து வாங்கட்டுமே, நான் பாத்தா வாங்கினேன்?"னார். நாலு நாள்ல வித்துப்போச்சு. வாங்கினது கல்லூரிப் படிப்பை முடிச்ச ஒரு பையனாம். அன்னையிலேர்ந்து எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல.

பாருங்க, இதுதான் இந்த 'பில்ட்' மோகத்தோட நிஜ விலை. அலங்காரம் ஓட்டையை மறைக்குது. முதல்ல ஓனர்கிட்டேர்ந்தே மறைக்குது, அப்புறம் அடுத்த ஓனர்கிட்டேர்ந்து. ரிப்பேருக்குப் போட்ட காசு போட்டோவுல தெரியாது, விளம்பரத்துல விலை ஏத்தாது. லைட்டுக்குப் போட்ட காசு தெரியும். அதனால எல்லாரும் லைட் வாங்கறாங்க.

வரப்போற கேள்விகளும் பதில்களும்

"என் வண்டி, என் காசு, உனக்கென்ன?" ரோடு உங்க ஒருத்தருக்கா போட்டது? உங்க பிரேக் பிடிக்கலைன்னா முன்னாடி போறவன் என்ன பாவம் பண்ணான்? மலையில நீங்க மாட்டிக்கிட்டா கொலராடோவில் தேடிவர்ற மீட்புக் குழுக்கள்ல பெரும்பாலானவங்க சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க குடும்பத்தை விட்டுட்டு வருவாங்க.

"அப்ப லிஃப்டே போடக்கூடாதா?" யார் சொன்னா? அடி தட்டுதுன்னு ஓட்டிப் பாத்துத் தெரிஞ்சா போடுங்க, அந்த வால்வையும் சேத்துச் சரிபண்ணுங்க. ஓட்டறதுக்கு முன்னாடியே அடி தட்டும்னு எப்படித் தெரியும்? தெற்கு கொலராடோவில் கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவுக்குள்ள மெடானோ பாஸ் ரோடுன்னு ஒரு மண்பாதை இருக்கு. மணல், நடுநடுவுல ஓடை. என் வண்டி கம்பெனி உயரத்துல, டயர் காத்தை 35-லிருந்து 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைச்சு, மெதுவா ஊர்ந்து போச்சு. அதே மணல்ல நல்லா உசத்தின ஒரு வண்டி முழுக் காத்தோட நின்னு குழி தோண்டிக்கிட்டிருந்தது. இறங்கிப் போய் காத்தைக் குறைக்கச் சொன்னோம், தானா ஏறி வந்துடுச்சு. காத்து அளக்கிற மீட்டர் பன்னெண்டு டாலர். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான் ஞாபகம் வந்துச்சு.

"வின்ச் இருந்தா பாதுகாப்புதானே?" பின்னாடி டிரெய்லர் மாட்டற உருண்டையில கயித்தைக் கட்டி வெடுக்குனு இழுக்கறவங்க கையில வின்ச்சைக் குடுத்தா என்ன பாதுகாப்பு? அந்த உருண்டை முறிஞ்சா பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும், உயிரே போயிருக்கு. ஹிட்ச் குழாய்க்குள்ள சரியான ஷாக்கிள் மாட்டிக் கட்டக் கத்துக்கோங்க. வின்ச் அப்புறம்.

"இவ்வளவு ரிப்பேர் பண்றதுக்குப் புது வண்டியே வாங்கிடலாமே?" வாங்குங்க, வேணாம்கல. ஆனா பழைய பிக்கப்போட அருமையே, ஸ்பானர் செட்டும் பொறுமையும் இருந்தா நாமளே திறந்து மூடலாம்ங்கறதுதான். நாற்பது மைலுக்கு ஆளே இல்லாத இடத்துல, செல்போன் சிக்னல் இல்லாத இடத்துல, ஒரு சத்தம் கேட்டா அது எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும். ஏன்னா அந்த போல்ட்டை முறுக்கினது நான். இந்தத் தைரியத்தை எந்தக் கடையிலயும் பெட்டியில வெச்சு விக்கல.

என் கணக்கு

சும்மா வாய்ச்சவடால் விடக்கூடாதுல்ல, என் நோட்டுப்புத்தகக் கணக்கைத் திறந்து வெச்சுடறேன். எல்லாம் பொருள் விலை, கூலி நானே.

முதல் வருஷம்:
டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் – 250
பால் ஜாயின்ட் ரெண்டு பக்கமும் – 200
பிரேக் பேட், ஷூ, ரப்பர் ஹோஸ், ஆயில் – 300
ரேடியேட்டர் – 200
ஸ்வே பார் இணைப்பு – 30
கம்பெனி அளவிலேயே நாலு டயர் – 900
டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸ் ஆயில்கள் – 120
சேஸிஸைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, உள்ளயும் வெளியயும் துரு தடுக்கிற எண்ணெய் – 100
மொத்தம் 2,100 டாலர். பாக்கறதுக்கு வண்டியில ஒரு மாத்தமும் இல்ல!

ரெண்டாவது வருஷம்: காத்து மீட்டரும் சின்ன கம்ப்ரஸரும் 110, இழுவைக் கயிறும் ஷாக்கிளும் 100, மண்வெட்டி 30. மொத்தம் 240. பதினோரு தடவை வெளியில தங்கினோம், தரையில கூடாரம் போட்டு.

மூணாவது வருஷம் வண்டியே கேக்க ஆரம்பிச்சுது. சாமான் ஏத்தினா பழைய பட்டை தொங்கிப்போச்சு, அதனால ஒரு சுத்து கனமான புதுப் பட்டை 600, நாலு ஷாக் 400. பட்டை மாத்தினதோட அந்த பிரேக் வால்வையும் புத்தகத்துல போட்டிருக்கிற அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணியாச்சு. மழையில தங்கமணி நனைஞ்சதுல வந்த தீர்ப்புப்படி, தொட்டிக்கு மூடி ஒண்ணு பழசுல 500. உள்ள படுக்க பிளைவுட் பலகை 120. மொத்தம் 1,620. கூரையில ஒண்ணும் இல்ல, லைட்டும் இல்ல. ராத்திரியில அந்த மலைப்பாதையில ஓட்டறதே இல்ல, அப்புறம் எதுக்கு லைட்?

ஊர்ல இருக்கிற மக்களுக்கு

பழைய ஜீப், பிக்கப்னு அங்கயும் இதே காய்ச்சல் உண்டுன்னு தெரியும். உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. முன்னாடி மாட்டற இரும்புக் கம்பி கார்டுக்கு 2017 டிசம்பர்ல மத்திய அமைச்சகம் தடை சொல்லியாச்சு. ஆர்.சி.யில பதிஞ்ச விவரமும் கம்பெனி அளவும் மாறும்படி வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்துல, மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில்னு வழி வெச்சிருக்காங்க. புது பால் ஜாயின்ட் போட்டதுக்கு யாரும் உங்களைப் பிடிக்கப்போறதில்ல. சட்டமே நான் சொல்ற வரிசைக்குத்தான் தள்ளுது, ஹி ஹி.

கடைசியா ஒண்ணு. உங்ககிட்டயோ உங்க நண்பர்கிட்டயோ ஒரு பழைய பிக்கப் இருந்தா, வர்ற சனிக்கிழமை ஒரு பாயை விரிச்சு, சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு கீழ படுங்க. இருபது நிமிஷம் போதும். டயர் பக்கவாட்டுல 'டாட்'னு ஆரம்பிக்கிற எண்ணோட கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்க. 2316-ன்னு இருந்தா 2016-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். டிரெட் நல்லா இருந்தாலும் ரப்பருக்கு வயசாயிடுச்சு. 'தொப்'புனு கேட்டா லைட் ஆர்டரை கேன்சல் பண்ணுங்க. விக்கிறதா இருந்தா அந்த 'தொப்'பையும் விளம்பரத்துல எழுதுங்க. வாங்கற பையனுக்கும் வீட்ல காத்துக்கிட்டிருக்கிற அம்மா இருப்பாங்க.

டிஸ்கி: லைட் பார், கூரைக் கூடாரம் வெச்சிருக்கிற பதிவர்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்மலாம். ஒரே ஒரு நிபந்தனை, கூடவே உங்க வண்டியோட கீழ்ப்பக்கப் போட்டோ ஒண்ணு வேணும் :-)